செல்லக்காசின் குடும்பம்

கொல்லிமலையின் தேவனூர் நாட்டு ஓடைகளில் செல்லக்காசு என்னும் மீனைத் தேட வேண்டாம். அந்த மலையில் பிறக்கும் ஐயாறு ஆகாய கங்கையாகக் குதித்து, சமவெளியில் ஓடிக் காவிரியோடு சேர்கிறது. செல்லக்காசின் ஊர் இன்னும் கீழே, ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகங்களிலும் உப்பங்கழிகளிலும். நல்ல தண்ணீர்க் குளத்திலும் அது சுகமாக வாழும். தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள்.

பெரும்பாலும் 8 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும் உடம்பு. மஞ்சள் நிறம், விலாவில் ஒரு கரும்புள்ளி. இதற்கு 1795இல் அறிவியல் பெயர் சூட்டிய ஜெர்மானியர் பிளாக், கடலில் வாழும் வண்ணத்துப்பூச்சி மீன்களோடு இதைச் சேர்த்துவிட்டார். உண்மையில் இது நம் சந்தைகளில் குவியும் ஜிலேபி கெண்டையின் தூரத்து உறவு. ஜிலேபி 1952இல் நாம் கொண்டுவந்தது. செல்லக்காசோ இந்த மண்ணின் பூர்வகுடி. இதற்கு மிக நெருங்கிய சொந்தங்களில் ஒரு கிளை இன்று மடகாஸ்கரில் இருக்கிறது.

நன்னீரிலும் உவர்நீரிலும் வாழும் சின்ன மீன் என்றால் உலகப் பாடநூல்கள் காட்டுவது ஸ்டிக்கில்பேக் என்னும் வடதிசைக் குளிர்நாட்டு மீனைத்தான். முதுகில் முள், இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்குச் சிவந்த வயிறு. சிறுநீரகத்தில் சுரக்கும் பசையால் பாசியை ஒட்டிக் கூடு கட்டி, முட்டைகளை ஆண் தனியாகவே காக்கும். நெதர்லாந்தின் லைடன் நகரில் டின்பெர்கன் என்னும் ஆய்வாளர் வளர்த்த ஆண் மீன்கள், சன்னலுக்கு வெளியே சிவப்புத் தபால் வண்டி போனபோது அதையும் எதிரியென்று எண்ணிச் சீறினவாம். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அந்தப் புகழில் பாதியாவது செல்லக்காசுக்கும் சேர வேண்டும் என்பது என் கட்சி. இங்கே அப்பா, அம்மா இருவருக்கும் வேலை உண்டு. கல்லிலோ வேரிலோ ஒட்டிய முட்டைகளுக்கு முறைவைத்துத் துடுப்பால் நீர் விசிறுகிறார்கள். கெட்டுப்போன முட்டையைப் பொறுக்கி அகற்றுகிறார்கள். பொரிந்த குஞ்சுகளை வாயில் கவ்வி மணல் குழிக்கு மாற்றுகிறார்கள். குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஆபத்து வந்தால் பெற்றோர் தங்கள் கறுத்த வயிற்றுத் துடுப்புகளைப் படபடவென்று அடிக்கிறார்கள். சிதறிக் கிடந்த கூட்டம் அந்தக் கறுப்புத் துடிப்பைக் கண்டதும் அவர்களுக்கடியில் வந்து குவிகிறது. பசி வந்தாலோ, ஒவ்வொரு குஞ்சாகப் பெற்றோரின் விலாவில் உரசி, தோலில் ஊறும் சளியைக் கொத்தித் தின்று விலகுகிறது. இந்தக் காலத்தில் பெற்றோரின் தோலில் சளி சுரக்கும் செல்களும் பெருகிவிடுகின்றன. பாலூட்டி அல்லாத ஓர் உயிர் தன் உடம்பிலிருந்தே பிள்ளைக்கு ஊட்டும் அபூர்வங்களில் இது ஒன்று. அமேசானின் டிஸ்கஸ் மீனும் இப்படிச் செய்கிறது.

நல்ல குடும்பம் என்று சொல்லி முடிக்கவும் விடாது இந்த மீன். 1970களில் இலங்கையில் இதை ஆராய்ந்த வார்டும் வைமனும், கரிமீன் என்னும் உறவு மீனின் உடம்பில் ஒட்டியிருப்பவற்றைச் செல்லக்காசு கொத்திச் சுத்தம் செய்வதைக் கண்டார்கள். ஆனால் கொஞ்சம் அசந்தால் அதே கரிமீனின் முட்டைகளையும் குஞ்சுகளையும் இது தின்றுவிடும்!

வளர்க்க ஆசைப்படுவோருக்கு ஒரு வார்த்தை. ஆறேழு மீன்களாக வாங்குங்கள்; ஜோடியை அவையே அமைத்துக்கொள்ளும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றோரை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள்.