கல்லாவுக்குப் பூட்டு உண்டு. கம்ப்யூட்டர் இணைப்புப் பெட்டிக்கு?



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். சம்பா நெல் வரத்து உச்சத்தில் இருந்த நேரம். கீழ்பென்னாத்தூரில் எங்கள் மண்டி வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன. காலை பத்து மணி இருக்கும். எடை மேடையில் ஏறிய வண்டியின் எடை திடீரென்று ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வரவில்லை. பில் அடிக்கும் பிரிண்டர் நின்றது. கேமராப் படமும் போயிற்று. எடை மேடைக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்ப்யூட்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்றோடு ஒன்று பேசவில்லை.

வேறு வழியின்றித் துண்டுச் சீட்டில் எடையை எழுதினோம். அவசரத்தில் இரண்டு சீட்டுகள் மாறி, ஒரு விவசாயியின் 40 மூட்டை நெல் இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது. மாலையில் அவர் வந்து, "என்ன முதலாளி, உங்க கம்ப்யூட்டர் கெட்டா என் நெல்லு குறைஞ்சிடுமா?" என்று கேட்டார். கணக்கை நேர் செய்துவிட்டோம். ஆனால் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை.

காரணம் என்ன தெரியுமா? ஆபீசைப் பெருக்கிய பையன், தரையில் தொங்கிய ஒரு கேபிள் முனையை நல்ல எண்ணத்தோடு மூலையில் இருந்த பெட்டியின் காலித் துளையில் செருகியிருந்தான். அந்தக் கேபிளின் மறுமுனையும் அதே பெட்டியில்தான் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. பெட்டியை வைத்துக் கொடுத்தவர் ஊரை விட்டுப் போயிருந்தார். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற குறிப்பு எவரிடமும் இல்லை.

அந்த அனுபவத்துக்குப் பின் நான் கேட்டும் படித்தும் செய்தும் அறிந்தவற்றை நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இது என்ன பெட்டி?

இதை நெட்வொர்க் ஸ்விட்ச் என்கிறார்கள். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரிப்பது போல, ஒரு கருவி அனுப்பும் தகவலை அது போய்ச் சேர வேண்டிய கருவிக்கு மட்டும் பிரித்து அனுப்பும் பெட்டி. இதில் ஓடும் முறைக்கு ஈதர்நெட் என்று பெயர். 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 1983-ல் பொதுத் தரமாக வெளிவந்தது.

இன்று எடை மேடை, பில் கம்ப்யூட்டர், கேமரா, குடோன் டெர்மினல், ஆலையின் கலர் சார்ட்டர் எல்லாம் இந்த ஒரு பெட்டியில்தான் வந்து சேர்கின்றன. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்கள், வரிக்குட்பட்ட சரக்கை மற்ற வணிகர்களுக்கு விற்கும்போது மின்னணு விலைப்பட்டியல் போட வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இணைப்பு நின்றால் பில் நிற்கும். பில் நின்றால் லாரி நிற்கும்.

யாருக்கு எது தேவை?

எல்லோரும் விலையுயர்ந்த பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், நான்கு கேமரா உள்ள மளிகைக் கடைக்குச் சாதாரண ஸ்விட்ச் போதும்.

ஆலை, மண்டி, எண்ணெய்ச் செக்கு, பெரிய குடோன் வைத்திருப்போர் இரண்டு சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று 'இண்டஸ்ட்ரியல்'. சாதாரணப் பெட்டிகள் பெரும்பாலும் 40 டிகிரி வெப்பம் வரைக்கும்தான் உத்தரவாதம். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தொழிற்சாலைக்கென்று செய்யப்பட்டவற்றில் பல, மைனஸ் 40 முதல் 75 டிகிரி வரை தாங்கும். பொதுவாக உள்ளே மின்விசிறி இருக்காது. ஆகவே தவிட்டுத் தூசியை உள்ளே இழுக்காது. மின்சாரம் தர இரண்டு தனி வழிகள் இருக்கும். ஒன்று போனால் மற்றது தாங்கும்.

இரண்டாவது சொல் 'மேனேஜ்டு'. சாதாரணப் பெட்டிக்கு நாம் எதுவும் சொல்ல முடியாது. மேனேஜ்டு வகையில் லேப்டாப்பை இணைத்து, எந்தத் துளையில் எது வரலாம், எது எதோடு பேசலாம், கேபிள் தவறாகச் செருகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் கட்டளை கொடுக்கலாம். விலை பல மடங்கு அதிகம்தான். ஆனால் அறுவடைக் காலத்தில் ஒரு நாள் வேலை நின்றால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

இடம் முதலில். தூசி புகாத இரும்புப் பெட்டிக்குள், 35 மில்லிமீட்டர் அகலமுள்ள டின் ரெயில் என்னும் பட்டையில் ஸ்விட்சை மாட்ட வேண்டும். மேலும் கீழும் காற்றோட்ட இடைவெளி வேண்டும். கேபிள்கள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழைய வேண்டும். மேல்பக்கத் துளை வழியே மழைநீரும் தூசியும் இறங்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை நம் மாவட்டத்தைப் படுத்திய பாடு நினைவிருக்கும். பெட்டியைத் தரையோடு வைக்காதீர்கள்.

மோட்டார் ஸ்டார்ட்டர் உள்ள போர்டுக்குள் இதை வைக்கக் கூடாது. த்ரீ பேஸ் கேபிளும் தகவல் கேபிளும் ஒரே குழாயில் போகக் கூடாது. குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

இந்த வகைப் பெட்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடுபவை. அதில் நேராக 230 வோல்ட் கொடுத்தால் அத்தோடு முடிந்தது. தனியாகப் பவர் சப்ளை வாங்கி, பிளஸ் மைனஸ் பார்த்து இணைக்க வேண்டும். கேபிள் வழியாகவே கேமராவுக்கு மின்சாரம் தரும் பி.ஓ.இ. வகை என்றால் பலவற்றுக்கு 48 வோல்ட் தேவைப்படும். கேமராக்களின் மொத்த வாட்ஸையும் கூட்டிப் பாருங்கள். 8 கேமரா, ஒவ்வொன்றும் 7 வாட் என்றால் 56 வாட். ஸ்விட்சும் பவர் சப்ளையும் அதற்கு மேல் தாங்க வேண்டும். இரண்டு மின்வழிகளில் ஒன்றை யு.பி.எஸ்.ஸிலிருந்தும் மற்றதை வேறு லைனிலிருந்தும் எடுங்கள். இரண்டையும் ஒரே பிளக்கில் செருகினால் இரண்டு இருந்தும் பயனில்லை.

எர்த் இணைப்பு கட்டாயம். ஸ்விட்சின் எர்த் திருகாணியிலிருந்து நல்ல எர்த்துக்கு ஒயர் போக வேண்டும். இந்த வேலையைத் தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

செம்புக் கேபிள் 100 மீட்டர் வரைதான். அதற்குக் குறைவானாலும், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குத் திறந்தவெளியில் போகும் இணைப்புக்கு ஃபைபர் கேபிள் போடுங்கள். இடி மின்னல் நாளில் செம்புக் கேபிள் வழியே பாயும் மின்னழுத்தம் இரு முனையிலும் உள்ள கருவிகளைச் சுட்டுவிடும். ஃபைபர் கண்ணாடி இழை. அதில் ஒளி மட்டுமே போகும், மின்சாரம் பாயாது.

கட்டளை கொடுக்கும் முறை

பெட்டியை இணைப்பில் சேர்க்கும் முன்பே, மேசை மேல் வைத்து லேப்டாப்பில் நேராக இணைத்து இந்த வேலைகளை முடித்துவிட வேண்டும். கம்பெனி கொடுத்த ஐ.பி. முகவரி கையேட்டில் இருக்கும். அதே வரிசையில் ஒரு முகவரியை லேப்டாப்புக்குக் கொடுத்தால் ஸ்விட்சின் பக்கம் திறக்கும்.

முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது. 2016-ல் மிராய் என்ற தீய நிரல், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் உலகெங்கும் லட்சக்கணக்கில் பிடித்துக்கொண்டது. பின், ஸ்விட்சுக்கு ஒரு பெயரும் நிலையான முகவரியும் கொடுத்து, ஃபர்ம்வேர் எனப்படும் உள்நிரலைக் கம்பெனி வெளியிட்ட புதிய பதிப்புக்கு மாற்றி, கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு வையுங்கள்.

அடுத்தது பிரிவினை. வி-லேன் என்ற வசதியால் ஒரே பெட்டியைப் பல தனிப் பெட்டிகள் போலப் பிரிக்கலாம். எடை மேடையும் பில் கம்ப்யூட்டரும் ஒரு பிரிவு, ஆலை இயந்திரங்கள் ஒரு பிரிவு, கேமரா ஒரு பிரிவு, வந்து போவோர் செல்போனுக்குத் தரும் வைஃபை ஒரு பிரிவு. ஒரு பிரிவிலிருந்து இன்னொன்றுக்கு என்ன போகலாம் என்பதை ரூட்டரில் தீர்மானிக்க வேண்டும். பிரிக்கும்போது லேப்டாப் இணைந்துள்ள துளையையே வேறு பிரிவில் தள்ளிவிட்டு, தாமே வெளியே பூட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆகவே ஒரு துளையைக் கடைசி வரை மாற்றாமல் வைத்திருங்கள்.

இந்தப் பிரிவினை பெரிய இடத்துச் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வாடிக்கையாளர்களின் கார்டு விவரங்கள் திருடு போயின. திருடர்கள் நுழைந்தது, குளிர்சாதன வேலை செய்த ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்திருந்த கடவுச்சொல் வழியாக! நம் தமிழகத்தில் 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில் தீய நிரல் இருந்தது கண்டறியப்பட்டது. அந்தக் கம்ப்யூட்டர் முக்கியமான உள் இணைப்பிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்தது என்றும், நிலையத்தின் இயக்க அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் இந்திய அணுமின் கழகம் அறிவித்தது. பிரித்து வைப்பதன் மதிப்பு இந்த இரண்டு செய்திகளிலும் இருக்கிறது.

மூன்றாவது, எங்களைக் கவிழ்த்த அந்த வளையம். கேபிளின் இரு முனையும் ஒரே பெட்டியில் சேர்ந்தால், எல்லோருக்குமாக அனுப்பப்படும் தகவல் முடிவின்றிச் சுற்றிக்கொண்டே இருந்து பாதையை அடைத்துவிடும். 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் இத்தகைய கோளாறால், மருத்துவர்கள் சுமார் நான்கு நாட்கள் காகிதத்தில் எழுதி வேலை செய்ய நேர்ந்தது. மேனேஜ்டு ஸ்விட்சில் ஆர்.எஸ்.டி.பி. என்ற வசதியை இயக்கினால், வளையத்தைத் தானே கண்டு ஒரு வழியை அடைத்துவிடும். இதையே நன்மைக்கும் பயன்படுத்தலாம். ஆபீஸ், எடை மேடை, ஆலை, குடோன் என்று ஸ்விட்சுகளை வட்டமாக இணைத்துவிட்டால், ஒரு பக்கம் கேபிளை எலி கடித்தாலும் சில நொடிகளில் மறுபக்கமாகப் பாதை திறக்கும். பயன்படாத துளைகளை மூடி வைக்கும்படியும் கட்டளை கொடுங்கள்.

கடைசியாக, 'சேவ்' செய்ய மறக்காதீர்கள். பல பெட்டிகளில் கொடுத்த கட்டளை உடனே வேலை செய்யும். ஆனால் தனியாகச் சேமிக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் எல்லாம் மறைந்துவிடும். கட்டளைக் கோப்பின் பிரதி ஒன்றைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

பாக்கிப் பணம் கொடுக்கும் முன்

வேலை முடிந்ததும் உங்கள் எதிரிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மின்வழியைப் பிடுங்கட்டும்; வட்டத்தில் ஒரு கேபிளைக் கழற்றட்டும்; முழுவதும் அணைத்து மீண்டும் போடட்டும். ஒவ்வொரு முறையும் எடை பில்லில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு கீழ்க்கண்டவற்றைக் கையில் வாங்குங்கள்:

1. எந்தத் துளையில் எந்தக் கருவி என்ற வரைபடம். கேபிளின் இரு முனையிலும் அதே எண் ஒட்டியிருக்க வேண்டும்.
2. ஸ்விட்ச், ரூட்டர், கேமரா ஆகியவற்றின் முகவரியும் பாஸ்வேர்டும், மூடிய உறையில்.
3. கட்டளைக் கோப்பு உள்ள பென் டிரைவ்.
4. கருவிகளின் பில், உத்தரவாதச் சீட்டு, மாடல் எண், வரிசை எண்.
5. வேலை செய்தவர் வெளியிலிருந்து உள்ளே நுழைய வழி வைத்திருந்தால் அதன் விவரம். தேவைப்படும்போது மட்டும் திறந்து, மற்ற நேரம் மூடி வைக்க வேண்டும்.

வேலை செய்தவர் நல்லவராகவே இருக்கலாம். எங்களுக்குச் செய்தவரும் நல்லவர்தான். ஆனால் அவர் ஊர் மாறியபோது எங்கள் மண்டியின் சாவியும் அவரோடு போய்விட்டது. கல்லாச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு இரவு நிம்மதியாகத் தூங்குவோமா?

உறுப்பினர்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் கடையில் அந்தப் பெட்டி எந்த மூலையில் இருக்கிறது, அதன் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே கிடைக்கவில்லை என்றால், அடுத்த அறுவடைக்கு முன் அதைச் சரி செய்துவிடுங்கள். எடை போடும் இடத்தில் வண்டியோடு காத்து நிற்பவருக்கு நம் கம்ப்யூட்டர் கோளாறு தெரியாது. எடைச் சீட்டில் உள்ள எண்ணை மட்டும்தான் அவர் நம்புகிறார்.