வீட்டில் ஓர் அறை காலியா? விருந்தாளி வருகிறார்!
ஏலமலை அடிவாரத்தில், ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு புதுத் தொழில்

பிள்ளைகள் படித்து முடித்தார்கள். ஒருவன் சென்னைக்குப் போனான். இன்னொருவன் பெங்களூருக்குப் போனான். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று.

வீட்டில் நான்கு அறைகள். இருப்பவர்கள் இரண்டே பேர்!

காலையில் காப்பி. பிறகு பத்திரிகை. அதற்குப் பிறகு? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டியதுதான்.

போடிநாயக்கனூரில் இப்படிப்பட்ட வீடுகள் பல உண்டு. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்கள், ஏலக்காய்க் கடையை மகனிடம் விட்டவர்கள், மலையில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவர்கள் என்று பலரும் இருக்கிறார்கள்.

இவர்கள் செய்யக்கூடிய தொழில் ஒன்று இருக்கிறது. காலியான அறையைப் பிரயாணிகளுக்கு வாடகைக்கு விடுவது. படுக்கையும் காலைப் பலகாரமும் கொடுப்பது. இதை "ஹோம் ஸ்டே" என்கிறார்கள்.

ரயில் வந்தது!

மதுரை–போடி ரயில் பாதை 1928-ல் போடப்பட்டது. அது சிறிய பாதை. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010-ம் ஆண்டு முடிவில் ரயிலை நிறுத்தினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் போடியில் ரயில் ஊதல் கேட்கவே இல்லை!

2022 மே மாதம் தேனி வரை ரயில் வந்தது. 2023 ஜூன் 15-ந் தேதி போடிக்கும் வந்துவிட்டது. சென்னையில் இரவு ஏறினால் காலையில் போடியில் இறங்கலாம்.

இறங்கியவர்கள் எங்கே போகிறார்கள்? போடிமெட்டுக்கு! 17 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வெயில் கொளுத்தும். மேலே போனால் போர்வை வேண்டும். மெட்டைத் தாண்டினால் கேரளம். பூப்பாறை, சூரியநெல்லி, மூணாறு என்று வழி நீளும்.

குறிஞ்சிப் பூவும் இருக்கிறது. மூணாறுப் பக்கம் 2006-ல் பூத்தது. பிறகு 2018-ல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030.

அத்தனை பேரும் எங்காவது ஓர் இரவு தங்கத்தானே வேண்டும்?

ஏலக்காய் மட்டும் போதாதா?

"எனக்குத்தான் ஏலத் தோட்டம் இருக்கிறதே!" என்று சிலர் கேட்கலாம்.

2018-ல் பெரு வெள்ளம். அடுத்து மழைக் குறைவு. காய் குறைந்தது. விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது! ஆனால் 2022-ல் அதே ஏலக்காய் 1,000 ரூபாய்க்கும் கீழே போய்விட்டது.

ஏலக்காயை நம்பிக் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்களுக்குத் தெரியும் அந்த வேதனை. ஆகவே, சிறு விவசாயிக்கு இன்னொரு வருமானம் இருப்பது நல்லது.

"காசா வாங்குவது?"

இந்தப் பேச்சை எடுத்ததும் வீட்டுக்கார அம்மாள் என்ன சொல்வார்?

"என்னங்க இது! நம்ம வீட்டுக்கு வந்தவங்களுக்குச் சோறு போட்டுக் காசா வாங்குறது? ஊர் சிரிக்காதா?"

நியாயமான கேள்விதான். விருந்தோம்பலுக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே எழுதியிருக்கிறார். அந்த வழியில் வந்தவர்கள் நாம்.

ஆனால், யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத ஊரில் காசு கொடுக்காமல் தங்குபவனுக்கு இன்னொரு டம்ளர் காப்பி கேட்கக் கூச்சமாக இருக்கும். காசு கொடுத்தவன் உரிமையோடு கேட்பான். வாங்கும் காசுக்கு வஞ்சகம் இல்லாமல் செய்தால், அதில் வெட்கம் எதற்கு?

காரைக்குடி அம்மையார்

இதற்கு நல்ல உதாரணம் காரைக்குடியில் இருக்கிறது. அங்கே "பங்களா" என்று ஒரு விடுதி. செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் பழைய கட்டடம் அது. 1990-களின் கடைசியில் மீனாட்சி மெய்யப்பன் என்ற அம்மையார் அதைத் தங்கும் விடுதியாக ஆக்கினார். அப்போது அவர் அறுபதைத் தாண்டியவர்!

வாழை இலை போட்டு, செட்டிநாட்டுச் சாப்பாடு பரிமாறினார்கள். அதைச் சாப்பிடவே வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தச் சமையல் 2014-ல் ஆங்கிலப் புத்தகமாகவும் வந்தது.

அது பெரிய இடம். நம் வீடு சிறியது. ஆனால் பாடம் ஒன்றுதான். நம் வீட்டுச் சமையலும் நம் ஊர்க் கதையுமே நமக்கு முதல்!

போடியில் காட்ட என்ன இருக்கிறது?

விருந்தாளியை ஏலத் தோட்டத்துக்கு அழைத்துப் போங்கள். ஏலக்காய் மரத்தின் உச்சியில் காய்ப்பதாக நினைக்கும் பட்டணத்துக்காரர்கள் இருக்கிறார்கள்! அது செடியின் அடியில், தரையை ஒட்டிய சரத்தில் காய்க்கிறது. பெண்கள் குனிந்தும் உட்கார்ந்தும் ஒவ்வொரு காயாகப் பார்த்துப் பறிக்கிறார்கள். ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால் சுமார் ஒரு கிலோதான் தேறும்.

இதைக் கண்ணால் பார்த்தவர், அடுத்த முறை பாயசத்தில் கிடக்கும் ஏலக்காயைத் தூக்கி எறிய மாட்டார்!

பழங்கதையும் உண்டு. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. அங்கிருந்து கம்பி வழியாகத் தேயிலைப் பெட்டிகள் மலையிறங்கிப் போடிப் பக்கம் வந்தன. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக் கொண்டு போய்விட்டது. இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்ல இது போதாதா?

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசின் சுற்றுலாத் துறை இத்தகைய வீடுகளைப் பதிவு செய்கிறது. குறைந்தது ஓர் அறை. அதிகம் ஆறு அறைகள். வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்க வேண்டும். வசதியைப் பார்த்துத் "தங்கம்", "வெள்ளி" என்று தரம் கொடுக்கிறார்கள்.

வெளிநாட்டார் தங்கினால் அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு அனுப்பியாக வேண்டும். யார் வந்தாலும் அடையாளச் சீட்டைப் பார்த்து, பெயரை நோட்டில் எழுதி வையுங்கள்.

மலையில் நிலம் உள்ளவர்கள் ஜாக்கிரதை! ஏலம் பயிரிட மட்டுமே கொடுத்த நிலங்கள் அங்கே உண்டு. அதில் விடுதி கட்டினால் வம்பு வரும். போடிமெட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு சட்டம். அந்தப் பக்கம் வேறு சட்டம். பட்டாவைப் படிக்காமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள்.

குரங்கணி தந்த பாடம்

2018 மார்ச் 11-ந் தேதியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். குரங்கணி மலையில் காட்டுத் தீ. மலையேறப் போனவர்கள் நடுவில் மாட்டிக் கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எல்லாம் இளம் வயது!

"பக்கத்தில் நல்ல வழி இருக்கிறது, போய்ப் பாருங்கள்" என்று விருந்தாளியிடம் சொல்வது சுலபம். வனத் துறை அனுமதி இல்லாமல் ஒருவரையும் காட்டுக்குள் அனுப்பாதீர்கள். கோடையில் இன்னும் கவனம் வேண்டும். நம் வீட்டில் தங்கியவர் பத்திரமாகத் திரும்ப வேண்டும். அது வீட்டுக்காரர் பொறுப்பு.

கணக்குப் போடுவோம்

ஓர் அறைக்கு இரவுக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். இரண்டு அறைகள். மாதத்தில் 8 இரவு ஆள் வந்தால் 24,000 ரூபாய். பலகாரம், சலவை, மின்சாரம், வேலையாள் சம்பளம் எல்லாவற்றுக்கும் பாதி போகும். மீதி 12,000.

மாதா மாதம் இப்படி வருமா? வராது! அடைமழைக் காலத்தில் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். ஆகவே, ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை மொத்தமாக இதில் கொட்டாதீர்கள். கடன் வாங்கிக் கட்டடம் கட்டாதீர்கள்.

இருக்கிற அறையில் ஒன்றுக்கு வெள்ளை அடியுங்கள். சுத்தமான கக்கூஸ், சுடு தண்ணீர், துவைத்த விரிப்பு. இவை மூன்றும் இருந்தால் தொடங்கலாம்.

இன்னொன்று. வேலை முழுவதும் அம்மாளின் தலையில் விழக் கூடாது! விடியற்காலை இட்லி ஊற்றுவது அவர் என்றால், விரிப்பை மாற்றுவதும் கணக்கு எழுதுவதும் ஐயாவின் வேலை. உடம்புக்கு முடியாத நாளில் "இன்று இடமில்லை" என்று சொல்லவும் தெரிய வேண்டும்.

யார் வீட்டில்?

பணம் மட்டுமா லாபம்? வாசலில் செருப்புச் சத்தம். "பாட்டி, இது என்ன செடி?" என்று கேட்கும் ஒரு குழந்தை. ஊருக்குப் போன பிறகு, "சுகமாகச் சேர்ந்தோம்" என்று ஒரு போன்.

இரண்டே பேர் இருந்த வீட்டில் மறுபடியும் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த அம்மாள் ஏலக்காயைத் தட்டி டீயில் போடுகிறார். ஐயா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

நேரம் போகவில்லையே என்று அல்ல. ரயில் வரும் நேரமாகி விட்டதே என்று!