மரப்பலகையில் படிந்த கருங்கறை

உத்திரமேரூர் என்றதும் கல்லே எவருக்கும் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோவிற் சுவரில் பொறிக்கப்பட்ட குடவோலைத் தேர்தல் விதிகள் உலகறிந்தவை. ஆயினும் இவ்வட்டாரத்துப் பழைய வீடுகளில் கல்லுக்கு நிகரான செல்வம் மற்றொன்று உண்டு, அது மரம். மச்சின் பலகைத் தளம், கூடத்து ஊஞ்சல், மரப்படி, நிலைக்கதவு ஆகியவை நம் முன்னோர் தேடி வாங்கிய தேக்கினால் ஆனவை. பழைய ஆலயங்கள் சிலவற்றில் பீடத்தின் படியும் பாடகர் மாடத்தின் தளமும் மரப்பலகைகளே.

இச்செல்வத்திற்குக் கறையானால் வரும் கேட்டை நாம் அறிவோம். வெறுங்கறையாலும் கேடு வருகிறது. கருங்கறை படிந்து பார்வைக்கு அருவருப்பாகிவிட்டது என்ற ஒரே காரணத்திற்காக, இன்னும் இரு தலைமுறை உழைக்கவல்ல பலகைகள் பெயர்க்கப்பட்டு, பழமர வியாபாரிகளுக்கு அற்ப விலைக்குப் போகின்றன. முறை அறிந்து முயன்றால் அக்கறைகளுள் பெரும்பாலானவற்றைப் போக்கிவிட இயலும்.

கறையின் பிறப்பு

நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் அரிந்தால் அது கறுத்துவிடுவதை இல்லத்தரசிகள் அறிவர். காயிலுள்ள துவர்ப்புப் பொருளும் இரும்பும் ஈரத்தில் கூடுவதால் அக்கருமை பிறக்கிறது. தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கருவேலம்பட்டையும் பயன்படுவது இத்துவர்ப்பின் பொருட்டே. தேக்கு உள்ளிட்ட பல மரங்களின் உள்ளும் இது கூடியோ குறைந்தோ அமைந்துள்ளது. ஆகவே பலகையில் அறைந்த இரும்பாணி மழை ஈரத்தில் துருப்பிடித்தாலும், தகர டிரங்குப் பெட்டியின் அடியில் நீர் தேங்கினாலும், அவ்விடம் மைபோல் கறுத்துவிடுகிறது.

மைபோல் என்பது வெறும் உவமையன்று. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்தே நம் நாட்டார் மை செய்தனர். ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகளாக ஏடுகள் இவ்வகை மையினால் எழுதப்பட்டன. காளஹஸ்தியின் கலம்காரித் துணியில் காணும் கருநிறக் கோடுகளும், கடுக்காய் நீரில் தோய்த்த துணியின்மீது இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் வரையப்படுபவை. துணியில் அழகாவது பலகையில் அழுக்காகிறது. இம்மை மரத்தின் நார்களுக்குள்ளேயே உண்டாவதால், சோப்பு நீரால் எத்துணை தேய்த்தாலும் அது அகலுவதில்லை.

எக்கறை என்று அறிதல்

முதலில் கறையின் இனத்தை அறிய வேண்டும். வெண்மையான வளையம் மேற்பூச்சில் மட்டும் ஈரம் புகுந்ததன் அடையாளம். அது எளிதில் நீங்கும். ஆணியைச் சுற்றியும் பாத்திரத்தின் அடி வடிவிலும் நீலங்கலந்து கறுத்திருப்பது இரும்புக் கறை. சிறு புள்ளிகளாய்ப் பரவிக் கிடப்பது பூஞ்சை. விளக்கு வைக்கும் இடத்தில் மங்கிப் பளபளப்பது எண்ணெய். தீ சுட்ட வடு எந்த மருந்திற்கும் நீங்காது. அதை இழைத்தே எடுக்க வேண்டும்.

போக்கும் முறை

எண்ணெய்க் கறையை டர்பென்டைன் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்த மரத்தூளைத் தூவி உறிஞ்சச் செய்யலாம். அவ்வேளையில் அருகில் நெருப்பு இருத்தல் ஆகாது.

இரும்புக் கறைக்கு உற்ற மருந்து ஆக்சாலிக் அமிலம். வெண்ணிறப் படிகமாகக் கிடைக்கும் இவ்வமிலம் இரும்பைத் தன்னோடு பிணைத்து, நீரில் கரைந்துபோகச் செய்கிறது. மரத்தின் இயல்பான நிறத்தைப் பெரிதும் கெடுப்பதில்லை. முதலில் பழைய பாலிஷை ஸ்பிரிட்டினாலோ, நார் ஓடும் திசையில் உப்புத்தாளால் தேய்த்தோ அகற்றுக. இரும்புக் கம்பி நாரைத் தொடவே வேண்டாம்; அதன் துணுக்குகள் புதுக் கறைகளை விதைக்கும். பின்னர் பிளாஸ்டிக் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தில் 1 லிட்டர் வெந்நீர் ஊற்றி, அதில் 50 முதல் 100 கிராம் வரை அமிலத்தைக் கரைத்திடுக. கறையில் மட்டும் தடவினால் அவ்விடம் வெளுத்துத் தனித்துத் தெரியும். ஆதலின் பலகை முழுவதும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவ வேண்டும். சுமார் 20 நிமிடம் கழித்துத் தூய நீரில் நனைத்த துணியால் பலமுறை துடைக்கவும். 1 லிட்டர் நீரில் இரண்டு கரண்டி சமையல் சோடா கலந்து துடைத்தால் எஞ்சிய புளிப்பு முறியும். இறுதியாக மீண்டும் தூய நீர். பழங்கறையாயின் இருமுறை செய்ய நேரலாம். சிறு கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் ஓரளவு பயன்படும்.

இரண்டு மூன்று நாள் நிழலில் நன்கு உலர்ந்தபின் வார்னிஷோ ஆளிவிதை எண்ணெயோ பூசலாம். அவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி எறிந்தால் தாமே சூடேறித் தீப்பற்றும். விரித்துக் காயவிட்டே அப்புறப்படுத்துக.

உயிர்க்காப்பு

பலகையைக் காட்டிலும் உயிர் பெரிது. ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. உட்கொண்டால் சிறுநீரகங்களைக் கெடுக்கும். பார்வைக்குச் சர்க்கரையையும் உப்பையும் ஒத்திருப்பதால், பெயரெழுதி, சமையலறைக்கு அப்பால், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பூட்டி வைத்தல் கடமை. கையுறையும் கண்ணாடியும் அணிக. உலர்ந்த பலகையைத் தேய்க்கையில் மூக்கையும் வாயையும் முகமூடியால் மூடிக்கொள்க.

பூஞ்சையைப் போக்கப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைப் பயன்படுத்துவதுண்டு. அதனை ஒருபோதும் அமிலத்தோடு கலத்தல் கூடாது. கலந்தால் குளோரின் வாயு எழும். 1915 ஆம் ஆண்டு பெல்ஜியத்துப் போர்முனையில் படைவீரரின் மூச்சை அடைத்துக் கொன்ற வாயு அதுவே.

வராமற் காத்தல்

பெயர்த்த இரும்பாணிக்கு மாற்றாகப் பித்தளைத் திருகாணி இடுக. டிரங்குப் பெட்டிக்கும் வாளிக்கும் அடியில் மரக்கட்டை கொடுத்துக் காற்றோட்டம் உண்டாக்குக. பூச்சாடியின் அடியில் தட்டு வைக்கவும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்னரே மேற்கூரை ஒழுக்கை அடைத்துவிட்டால் பாதித் தொல்லை ஒழிந்தது.

ஒரு முழுநாள் உழைப்பும் சிறு செலவும் வேண்டியிருக்கும், அவ்வளவே. ஆகவே பலகையைப் பெயர்க்க ஆள் அழைப்பதற்கு முன்னர், அதன் மூலையில் ஒரு சாண் அளவு இடத்தில் இம்முறையைச் செய்து பாருங்கள். மறுநாட் காலையில் மரமே உங்களுக்கு விடை கூறும்.