கடைசிப் பயணத்தை ஓட்டுபவர் யார்?

2024 ஏப்ரல் 22 அன்று ஏர் இந்தியாவின் போயிங் 747 ஜம்போ விமானம் ஒன்று மும்பையிலிருந்து அமெரிக்காவுக்குக் கிளம்பியது. பயணிகள் இல்லை. மேலெழும்பியதும் விமானிகள் இறக்கைகளை இடமும் வலமும் சாய்த்து நகரத்திடம் விடைபெற்றனர். உறுப்புகளைக் கழற்றிக் கொள்வதற்காக விற்கப்பட்ட விமானம் அது. 1971-ல் ஏர் இந்தியாவுக்கு முதல் ஜம்போ வந்த பரபரப்பு நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும்.

விமானத்துக்கு வயதாவது எப்படி? மேலே போகும்போதெல்லாம் உள்ளே காற்றழுத்தம் கூட்டப்படுவதால் அதன் உடற்கூடு இம்மியளவு விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. பல்லாயிரம் தடவை இப்படி நடந்தால் உலோகம் களைத்துவிடும். ரயில் எஞ்சினைப் பணிமனையில் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்ப்போமே, அதுபோல் விமானத்துக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய பராமரிப்பு உண்டு. செலவு கட்டுப்படியாகாதபோது நிறுத்திவிடுவார்கள். ஜம்போவுக்கு நான்கு எஞ்சின்கள் குடிக்கும் எரிபொருளும் எமனாயிற்று. ஓய்வு பெற்றவை பெரும்பாலும் பாலைவனத்து விமான நிலையங்களுக்குப் போகின்றன; வறண்ட காற்றில் துரு ஏறாது.

சரி, அந்தக் கடைசிப் பயணத்தை ஓட்டுபவர் யார்? அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் எந்த விமானம், எந்தத் தடம், எந்த நாள் விடுமுறை என்பதெல்லாம் சீனியாரிட்டிப்படிதான். ஆகவே இத்தகைய கௌரவம் பெரும்பாலும் பணிமூப்பு மிக்கவர்களுக்கே கிடைக்கும். டெல்டா நிறுவனம் 1980-களின் பிற்பகுதியில் சேவைக்குக் கொண்டுவந்த எம்.டி.-88 ரகத்தை 2020 ஜூன் 2 அன்று நிறுத்தியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேல்! அப்படிப்பட்ட நாளில் விமானி அறையை எட்டிப் பார்த்தால், முப்பது ஆண்டுகளுக்கு முன் யாரை வேலைக்கு எடுத்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

அக்காலத்தில் யாரை எடுத்தார்கள்? விமானப்படையில் பணியாற்றிய மார்லன் கிரீன் என்ற கறுப்பினத்தவர் 1957-ல் கான்டினென்டல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். தகுதி இருந்தும் நிறத்தால் மறுக்கப்பட்டார். 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அவர் அங்கே பறக்கத் தொடங்கியபோது ஆண்டு 1965. பெண்களுக்கு அந்நாட்டின் பெரிய நிறுவனங்களில் கதவு திறந்தது 1973-ல்தான்.

இங்கிலாந்தில் கான்கார்ட் 1976-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அதை ஓட்டத் தகுதி பெற்ற முதல் பெண் பார்பரா ஹார்மர், ஆண்டு 1993. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, முடி திருத்தும் வேலை பார்த்து, பிறகு விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கு வந்து, அங்கிருந்து விமானியானவர். பத்தே ஆண்டுகளில், 2003-ல், கான்கார்டே ஓய்வு பெற்றுவிட்டது.

சீனியாரிட்டி முறையை நான் குறை சொல்லமாட்டேன். மேலதிகாரியின் தயவுக்குக் காத்திராமல் தொழிலாளியைக் காப்பது அதுதான். ஆனால் வாசலில் நடந்த அநியாயத்தை அது முப்பது ஆண்டு பத்திரமாகச் சுமந்துகொண்டு வரும். வாசலைத் திறந்தால் பலன் அடுத்த தலைமுறைக்குத்தான் முழுமையாகத் தெரியும்.

நம் நாட்டில் துர்பா பானர்ஜி 1966-லேயே இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியானார். இன்று இந்திய விமானிகளில் பெண்கள் சுமார் 15 சதவீதம், உலக அளவில் சுமார் 5 சதவீதம் என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்திருக்கிறது. பெண்ணை விமானப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், செலவை நினைத்துத் தயங்கினால் நியாயம். அது லட்சக்கணக்கில் ஆகும். "பெண்ணுக்கு எதற்கு?" என்று தயங்கினால் நியாயமே இல்லை.

எங்கள் ரயில்வேயிலும் இதே கணக்குதான். சுரேகா யாதவ் 1989-ல் உதவி ஓட்டுநராகச் சேர்ந்து, நாட்டின் முதல் பெண் ரயில் ஓட்டுநரானார். 2025 செப்டம்பரில், 36 ஆண்டுப் பணிக்குப் பின், ராஜதானி எக்ஸ்பிரஸை மும்பை சி.எஸ்.எம்.டி. நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு ஓய்வு பெற்றார். அங்கே ஓய்வு பெற்றது வண்டி அல்ல, ஓட்டுநர். வண்டி அடுத்த நடைக்குத் தயாராயிற்று.