கோப்பு திறக்கிறது, தமிழ் திறக்கவில்லை

ராசிங்காபுரத்தில் ஒரு தோட்டக் குத்தகை ஒப்பந்தத்தை 2000-இல் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்று திறந்தால், ‘தமிழ்’ இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். பாமினி தமிழைச் சேமிக்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் எண்களைச் சேமித்து, அவற்றின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது. கொரியாவில் 1989-இல் வந்த ‘ஹங்குல்’ சொற்செயலியின் கோப்புகளிலும் சிக்கல் இதற்கு நெருக்கமானதுதான். அரசு அலுவலகங்களெல்லாம் அதில் எழுதின. பிற மென்பொருள்கள் திணறின. 2010-இல் அதை விற்கும் ஹான்காம் நிறுவனம் கோப்பின் உள்ளமைப்பை வெளியிட்ட பிறகே ஊகிக்காமல் படிக்க வழி பிறந்தது. எழுதியவருக்குச் சொந்தமான ஆவணத்தின் திறவுகோல் மென்பொருள் விற்றவரிடம் இருப்பது நியாயமில்லை.

தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற தமிழ்க் குறியேற்றங்களை அறிவித்தது. 2010-இல் உலகப் பொதுக் குறியேற்றமான யூனிகோடை ஏற்றது. ஆனால் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடாது. பிடிஎஃப் ஆக்கினால் போதாதா என்பார்கள். கண்ணுக்குத் தமிழ் தெரியும், உண்மைதான். ஊர்ப்பெயரைத் தேடினால் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் மறுபடியும் ஆங்கில எழுத்துகளே விழும். அச்சடிக்க மட்டும் என்றால் பழைய எழுத்துரு போதும். பத்திரமும் பள்ளிப் பதிவேடும் அப்படியல்ல, பேரப்பிள்ளைகள் காலத்திலும் தேடப்படுபவை. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற வரைபடம் ஒவ்வோர் எழுத்துருவுக்கும் வேறு என்பதால், மூலக்கோப்பை அழிக்காமல், எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, அதற்குரிய மாற்றியில் யூனிகோடாக்கி, பெயர்களையும் சர்வே எண்களையும் ஒருமுறை கண்ணால் சரிபார்க்க வேண்டும்.