ட்வீட் போட்டது காஷ்மீரியா, ராணுவமா?

மோதி பாக் அரசு குடியிருப்பில் உட்கார்ந்துகொண்டு காஷ்மீர் நிலவரம் தெரியணும்னா என்ன செய்வீர்கள்? ட்விட்டரைத் திறப்பீர்கள். காஷ்மீரி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் ராணுவத்தைப் பாராட்டி எழுதியிருப்பார். அவர் நிஜ ஆள்தானா?

2022 ஆகஸ்டில் ட்விட்டர் 1,198 கணக்குகளை முடக்கியது. இந்தியாவிலிருந்து இயங்கியவையாகத் தெரிகிறது என்றது. யார் பெயரையும் சொல்லவில்லை. தரவை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு, பதிவுகள் ஸ்ரீநகரில் உள்ள ராணுவத்தின் சினார் கோர் பிரிவின் நோக்கங்களோடு ஒத்துப்போவதாகச் சொன்னது. ‘ஒத்துப்போகிறது’ வேறு, ‘நிரூபணம்’ வேறு. இந்த வித்தியாசத்தைத்தான் நம்ம டிவி விவாதங்கள் முதலில் தொலைக்கும்.

ராணுவத்தைப் புகழ்வது, சீன, பாகிஸ்தான் ராணுவங்களைத் திட்டுவது, இதுதான் பெரும்பாலான கணக்குகளின் வேலை. ஆனால் இரண்டு கணக்குகள், அரசின் எதிரிகளாகக் கருதப்பட்ட தனிநபர்களைக் குறிவைப்பதற்காகவே இருந்தன. புகழ்ச்சியைக்கூட விளம்பரம் என்று தள்ளிவிடலாம். இதை அப்படித் தள்ள முடியாது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதும் இல்லை. கொரோனா காலத்தில் பிலிப்பைன்ஸில் சீனத் தடுப்பூசிக்கு எதிராக அமெரிக்க ராணுவம் போலிக் கணக்குகளை இயக்கியதை ராய்ட்டர்ஸ் 2024-ல் அம்பலப்படுத்தியது.

ஃபேஸ்புக் கதை இன்னும் சிக்கல். 2023 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது இது: சினார் கோர் இயக்கிய போலிக் கணக்குகளை நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டுபிடித்தார்கள். நீக்கினால் அரசு கோபப்படும், ஊழியர்கள் சிறைக்குப் போக நேரிடலாம் என்று டெல்லி அலுவலகம் தடுத்தது. சுமார் ஒரு வருடம் கழித்துத்தான் நீக்கினார்கள். வழக்கமாக இப்படி நீக்கும்போது ஃபேஸ்புக் வெளிப்படையாக அறிவிக்கும். இந்த முறை அறிவிக்கவில்லை.