பாட்டியின் வீட்டில் பாட்டிக்கு எத்தனை பங்கு?

சுங்கை பினாங்கில் எங்கள் தாத்தாவின் அடுக்குமாடி வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது. துறைமுகத்தில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கிய ஒரே சொத்து அது. நான் படிவம் இரண்டில் படித்தபோது தாத்தா தவறிவிட்டார். வீடு அவர் பெயரில் இருந்தது. உயில் எழுதி வைக்கவில்லை. "பாட்டிதானே இருக்காங்க, அவங்க வீடுதானே" என்று எல்லாரும் சும்மா இருந்துவிட்டோம். இரண்டு வருடம் கழித்துப் பெரியப்பாவும் மாரடைப்பில் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் குடும்பம் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தது. ஒரு நாள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: தாத்தா விட்டுச் சென்றதில் பாட்டிக்கு மூன்றில் ஒரு பங்குதான்.

வீட்டுக்கு வந்ததும் பாட்டி கேட்டார்: "நாப்பது வருஷமா நான் கூட்டிப் பெருக்கின வீடு. அதுல எனக்கு மூணுல ஒண்ணா?"

அந்தக் கேள்விக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் பதில் தெரியவில்லை. இன்று நான் இரண்டாம் ஆண்டு சட்ட மாணவி. முதியோர் சட்டம், சொத்துத் திட்டமிடல் என்ற துறையை நோக்கி என்னைத் திருப்பியது அந்த ஒரு கேள்விதான். நம் மாணவர்கள் பலர் சட்டம் என்றதும் குற்றவியல் வழக்கையும் மேடைப் பேச்சையும்தான் நினைக்கிறார்கள். சத்தமில்லாத இந்தத் துறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

24 பங்குக் கணக்கு

உயில் இல்லாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை, தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் பிரிக்கிறது. கணவனை இழந்த மனைவியும் பிள்ளைகளும் மட்டும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகள் எல்லாருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. இறந்தவரின் தாய் அல்லது தகப்பன் உயிரோடு இருந்தால் கணக்கு மாறும்: துணைக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி.

எங்கள் வீட்டை 24 பங்காக வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா இறந்தபோது பாட்டிக்கு 8 பங்கு. நான்கு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 4. பெயர் மாற்றும் முன்பே பெரியப்பா இறந்ததால் அவருடைய 4 பங்கு மறுபடியும் பிரிந்தது. அவர் மனைவிக்கு 1, தாய் என்ற முறையில் பாட்டிக்கு 1, இரண்டு பிள்ளைகளுக்கு ஆளுக்கு 1.

எங்கள் குடும்பத்தில் சண்டை இல்லை. அப்பாவும் அத்தையும் சித்தப்பாவும் தங்கள் பங்கைப் பாட்டிக்கே விட்டுக்கொடுத்தார்கள். பெரியம்மாவும் விட்டுக்கொடுத்தார். ஆனால் பெரியப்பாவின் பிள்ளைகளுக்கு அப்போது 18 வயது ஆகவில்லை. வயது வராத பிள்ளைகளின் பங்கை அவர்களைப் பெற்ற தாய்கூட விருப்பப்படி விட்டுக்கொடுக்க முடியாது. அவர்களுடைய நலனுக்காகச் சட்டம் போட்ட வேலி அது. ஆக, 24இல் 22 பங்குதான் பாட்டிக்கு வந்தது. மனசு ஒத்துப்போன குடும்பத்துக்கே இப்படி என்றால், மனஸ்தாபம் உள்ள குடும்பத்தை நினைத்துப் பாருங்கள்.

தாத்தா உயில் எழுதியிருந்தால் இந்தக் கணக்கே வேண்டியிருந்திருக்காது.

இரண்டு சாட்சி, ஒரு கையெழுத்து

1959ஆம் ஆண்டின் உயில் சட்டம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. எழுதுபவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், தெளிந்த மனம் வேண்டும். உயில் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்க, அவர் கையெழுத்துப் போட வேண்டும். சாட்சிகளும் அவர் எதிரில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம்.

ஆனால் எளிய சட்டத்திலும் பள்ளங்கள் உண்டு. சொத்தைப் பெறப்போகிற மகனோ அவருடைய மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால், உயில் நிற்கும். அந்த மகனுக்கு எழுதியது செல்லாமல் போகும். உயில் எழுதியவர் பிறகு திருமணம் செய்துகொண்டால், அந்தத் திருமணத்தை மனத்தில் வைத்து எழுதியதாக உயிலில் சொல்லாத வரை, பழைய உயில் ரத்தாகிவிடும். ஊழியர் சேமநிதியில் உள்ள பணத்துக்கு வாரியத்தில் கொடுத்த வாரிசு நியமனம்தான் பேசும். அதை உயிலால் மாற்ற முடியாது. முஸ்லிம்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு ஃபராயிட் முறை தனியாக உண்டு.

உயில் இல்லையென்றால் எங்கே போவது என்பதும் பலருக்குக் குழப்பம். வீடு, நிலம் உள்ள சிறு சொத்துகளை நில அலுவலக வழியாகப் பிரிக்கலாம். இதற்கான உச்சவரம்பு 20 லட்சம் வெள்ளியாக இருந்தது. 2024 ஜூலையிலிருந்து 50 லட்சம் வெள்ளி. வங்கிப் பணம் போன்ற அசையும் சொத்து மட்டும் 6 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால் அமானா ராயா நிறுவனத்தை நாடலாம். மற்றவை உயர்நீதிமன்றத்துக்குப் போகும்.

லண்டன் வரை போன பினாங்கு உயில்

லைட் ஸ்திரீட்டில் உள்ள உயர்நீதிமன்றத்தைக் கடந்து போகாத பினாங்குக்காரர் இருக்க மாட்டார். 1807இல் அரச சாசனம் வழியாக நீதிமன்றம் பெற்ற ஊர் இது. அந்தக் காலத்திலிருந்தே இங்கு உயில் வழக்குகளுக்குக் குறைவில்லை.

1875இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்த ஒரு வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறோம். இயாப் சியா நியோ எதிர் ஓங் செங் நியோ என்பது அதன் பெயர். பினாங்கில் வாழ்ந்த ஒரு சீன மூதாட்டி, தனக்கும் இறந்த கணவருக்கும் சடங்குகள் செய்வதற்காக ஒரு வீட்டை என்றென்றைக்கும் ஒதுக்கி உயில் எழுதியிருந்தார். அந்த ஏற்பாடு செல்லாது என்றது பிரிவி கவுன்சில். பொதுமக்களுக்குப் பயன் தராத ஒன்றுக்காகச் சொத்தை முடிவில்லாமல் கட்டிவைக்க ஆங்கிலச் சட்டம் இடம் தராது என்பதே காரணம்.

அந்த அம்மாவின் ஆசையில் தப்பு இல்லை. அந்த ஆசை சட்டம் ஏற்கும் வடிவத்தில் இல்லை. மனிதர் நினைப்பதற்கும் சட்டம் ஏற்பதற்கும் நடுவே பாலம் போடுவதுதான் இந்தத் துறை வழக்கறிஞரின் வேலை.

மனம் தெளிவாக இருக்கும்போதே

உயில் என்பது இறந்த பிறகு பேசுவது. உயிரோடு இருக்கும்போதே நினைவு தப்பினால்? முதியோர் சட்டத்தின் கடினமான பகுதி இதுதான்.

"அம்மா எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் 1949ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டப்படி, எழுதிக் கொடுத்தவர் மனநலம் குன்றியவர் என்று தீர்மானிக்கப்பட்டால் அந்தப் பவர் முடிந்துவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது கைகொடுக்காது. பிறகு 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் கீழ் உயர்நீதிமன்றத்துக்குப் போய், சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கக் கேட்க வேண்டும். பக்கத்துச் சிங்கப்பூரில் 2010 முதல் நீடித்த அதிகாரப் பத்திரம் என்ற ஏற்பாடு இருக்கிறது. தெளிவாக இருக்கும்போதே, 'நாளை என்னால் முடியாமல் போனால் இவர் எனக்காக முடிவெடுக்கட்டும்' என்று ஒருவர் எழுதி வைக்கலாம். இங்கிலாந்திலும் அப்படியே. நம் நாட்டில் அதற்கு இணையான சட்டம் இல்லை.

2030க்குள் மலேசியர்களில் சுமார் 15 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்திருப்பார்கள் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. இந்த இடைவெளியை நிரப்பும் சட்டத்துக்காக வாதாடப்போவது இன்று வகுப்பறையில் இருக்கும் தலைமுறைதான்.

தமிழ் தெரிந்த காது

தெளிந்த மனம் என்றால் என்ன? 1870இல் இங்கிலாந்தில் தீர்ப்பான பேங்க்ஸ் எதிர் குட்ஃபெலோ வழக்குதான் இன்றும் அளவுகோல். உயில் என்றால் என்ன, தனக்கு என்ன சொத்து இருக்கிறது, யாருக்கெல்லாம் தன்மேல் உரிமை இருக்கிறது என்பதை எழுதுபவர் புரிந்திருக்க வேண்டும்.

இதை வழக்கறிஞர் எப்படித் தெரிந்துகொள்வார்? பேசித்தான். 80 வயதுப் பாட்டி ஒருவர் தன் பிள்ளைகளைப் பற்றித் தமிழில்தான் மனம்விட்டுப் பேசுவார். ஆங்கிலத்திலோ மலாயிலோ எழுதிய உயிலை அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டி, விளக்கிய பிறகுதான் கைநாட்டு வாங்க வேண்டும். அப்படி விளக்கியதையும் உயிலிலேயே குறிப்பிடுவது வழக்கம். அவரை காரில் கூட்டி வந்த மகனே மொழிபெயர்த்தால், அது பாட்டியின் விருப்பமா, மகனின் விருப்பமா என்று நாளை நீதிமன்றத்தில் கேள்வி வரும். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்கு வந்தபோது, வீட்டு மொழி வேலைக்கு உதவாது என்று நினைத்திருக்கிறேன். இந்தத் துறையில் அதுவே பாதி வேலை.

எப்படி உள்ளே வருவது?

எஸ்.பி.எம். முடித்து எஸ்.டி.பி.எம்., அடிப்படைக் கல்வி அல்லது ஏ லெவல் வழியாகச் சட்டப் பட்டப்படிப்புக்கு வரலாம். மலாயா பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் சட்டப் பட்டதாரிகள் சி.எல்.பி. தேர்வு எழுதத் தேவையில்லை. இங்கிலாந்துப் பட்டம் பெற்றவர்களில் பலர் எழுத வேண்டியிருக்கும். அதன் பிறகு அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் 9 மாதம் சேம்பரிங் பயிற்சி. மலாய் மொழித் தகுதியும் அவசியம். வழக்கறிஞர் நிறுவனம் மட்டும்தான் இடம் என்று இல்லை. அறக்கட்டளை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் வேலை உண்டு. நல்ல மதிப்பெண்ணோடு பொறுமையும் கணக்கில் கவனமும் வேண்டும். ஒரே கதையை மூன்றாவது தடவை சொல்லும் பெரியவரை இடைமறிக்காமல் கேட்கத் தெரிய வேண்டும்.

சென்ற விடுமுறையில் பாட்டி தன்னுடைய 22 பங்குக்கு உயில் எழுதப் போனார். துணைக்கு நான் போனேன். வழக்கறிஞர் பாட்டியை உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்றார். முக்கால் மணி நேரம் வெளியே காத்திருந்தேன். உள்ளே பாட்டி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. யாரும் குறுக்கே பேசாமல், தன் வீட்டைப் பற்றிப் பாட்டி தானே முடிவு சொன்ன முதல் நாள் அது.

இன்று இரவு உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்: "வீட்டுப் பத்திரம் யார் பேர்ல இருக்கு? உயில் எழுதியாச்சா?" சாவைப் பற்றிக் கேட்பதாக நினைத்துத் தயங்க வேண்டாம். அவர்களுடைய விருப்பம் என்னவென்று அவர்களிடமே கேட்கிறீர்கள், அவ்வளவுதான்.